முதலில் பக்கம், பிறகு உள்ளே

அவைக்கு அழகாய் அமர்ந்து, இவனைப் பேசவிட்டது சரிதானா என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி அவர்களே! வெம்பக்கோட்டை வெயிலை வென்று வந்திருக்கும் பெரியோர்களே! விரல் நுனியில் பட்டாசின் வெள்ளிப்பொடி மினுங்க, வேலை முடிந்த கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே! சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் இன்டர்நெட் சென்டர் நாஜியா அவர்களே! இந்த மண்டபத்தில் எங்கேயோ அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி பேச்சியம்மாளே! அனைவருக்கும் போர்மேன் கண்ணுச்சாமியின் பணிவான வணக்கம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் குழப்பத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். ஏன்? என்னிடம் நிறைய இருப்பது அதுதான்!

நம் கம்பெனி வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்தார்களே, பார்த்தீர்களா? பட்டாசு அறைகளையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்த பலகை. அடியில் எண்கள், ஓரத்தில் எண்கள். எந்த அறையில் தீப்பிடித்தாலும் இரண்டு எண்ணைச் சொன்னால் போதும், ஆள் ஓடி வந்துவிடும் என்றார்கள். எளிமை! இனிமை! எனக்குத்தான் தலை சுற்றியது.

போன மாதம் தீயணைப்பு ஒத்திகை. தீயில்லை, புகையில்லை, பயப்படாதீர்கள். காலில் அடிபட்டவளாகப் பேச்சியம்மாள், தான் வேலை பார்க்கும் அறையின் வாசலில் படுத்திருக்க வேண்டும். நான் கேட்டில் நின்று எண்ணைக் கூவ வேண்டும். தீயணைக்கும் பொறுப்பிலுள்ள மாரிசாமியின் குழு மணல் வாளியோடு ஓட வேண்டும். மணி அடித்தது. "ரெண்டு, அஞ்சு!" என்று முழங்கினேன். மாரிசாமி மின்னலாய்ப் பாய்ந்தான். எங்கே போய் நின்றான்? சாக்குக் கொட்டகையில்! அங்கே அடுக்கியிருந்த காலிச் சாக்குகளை அணைத்தான் பாருங்கள், அப்படி ஓர் அணைப்பு!

யார் மீது தவறு? நான் தினமும் கேட்டில் நுழைந்து நேரே உள்ளே நடக்கிறவன். இரண்டு வரிசை தாண்டிய பிறகுதான் பக்கவாட்டில் திரும்பி ஐந்தாவது அறைக்குப் போவேன். ஆகவே ரெண்டு, அஞ்சு. மாரிசாமியோ பலகையைப் படித்தவன். பலகையில் முதல் எண் பக்கத்துக்கு, அடுத்த எண் உள்ளே போவதற்கு. பக்கமாக இரண்டு, உள்ளே ஐந்து என்று ஓடிவிட்டான். நான் சொன்னதும் சரி, அவன் ஓடியதும் சரி என்று கேட்டிலேயே நின்று வாதாடினோம். அப்போது வந்தாள் பேச்சியம்மாள், சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

"அம்புட்டுப் பேரும் சரியாத்தான் இருக்கீக. நான்தான் அங்கன ஒத்தையில கெடந்தேன்."

சிரிக்காதீர்கள் ஐயா. அந்தச் சொல் என்னைச் சுட்டது. அது ஒத்திகை. நிஜமாக இருந்திருந்தால்? நான் பயந்துபோனேன், சபையறியச் சொல்கிறேன், பயந்துபோனேன்.

நேரே சாத்தூர் போனேன். சைஃபுல்லா அண்ணாச்சியும் அவர் மனைவி நாஜியாவும் நடத்தும் சென்டரில் விஷயத்தைச் சொன்னேன். நாஜியா ஒரு விளையாட்டைத் திறந்தார். திரையெல்லாம் கட்டம். கோடுகள் சந்திக்கும் ஏதோ ஒரு புள்ளியில் முயல் ஒளிந்திருக்கும். இரண்டு எண் காட்டும். சரியான புள்ளியில் அழுத்தினால் முயல் துள்ளும், தவறினால் காதை ஆட்டிக்கொண்டு ஓடிவிடும்.

என்னைக் கண்டு எத்தனை முறை காதாட்டியது தெரியுமா? மூன்று, ஒன்று என்றால் மூன்று மேலே ஏறுவேன், ஒன்று பக்கம் போவேன். முயல் இல்லை! நான்கு, நான்கு என்று வந்தால் மட்டும் துள்ளியது. நான்கு நான்கில் நான் மேதை, மற்றதிலெல்லாம் பேதை!

"இந்தச் சைபர் எங்கன இருக்கு?" என்று நாஜியாவிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, உள்ள போறதுக்கு முன்னாடி கேட்டுல தீப்பெட்டியக் குடுத்துட்டுத்தான போவீக? அந்த மூலதான் சைபர். அங்கன இருந்து மொதல்ல சுவர் ஓரமாப் பக்கத்துல நடங்க. பெறகு உள்ள திரும்புங்க."

பக்கம், பிறகு உள்ளே. பக்கம், பிறகு உள்ளே. முயல் துள்ளியது! நானும் துள்ளினேன், நாற்காலி விழுந்தது. தெளிந்துவிட்டேனா? வெளியே வந்ததும் வெம்பக்கோட்டை பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்றே மறந்துவிட்டேன்!

நாளைக் காலை மறுபடியும் ஒத்திகை. அதே பேச்சியம்மாள், அதே வாசல், அதே கண்ணுச்சாமி. தேறுவேனா? இங்கேயே பார்த்துவிடலாம். இந்த மண்டபத்தின் மூலையில் இருக்கும் வாசல் சைபர், நாற்காலி வரிசைகள்தான் கட்டம். பேச்சியம்மா, எங்கே இருக்கிறாய்? எண்ணைச் சொல்!

"நாலு, மூணு!"

பக்கம் நான்கு... உள்ளே மூன்று... அதோ! இல்லையே, மஞ்சள் சட்டை போட்ட மீசைக்காரர் அல்லவா இருக்கிறார்? மன்னிக்கணும் ஐயா, உட்காருங்கள், நீங்கள் என் மனைவி இல்லை.

"மேடையில இருந்து எண்ணுதீகளே! வாசல்ல இருந்துல்லா எண்ணணும்!"

கேட்டீர்களா? இதுதான் அன்பர்களே, இதுதான்! அவரவர் நிற்கிற இடத்திலிருந்து எண்ணினால் எல்லோரும் சரி. அத்தனை பேரும் சரியாக இருக்க, அங்கே ஓர் உயிர் ஒற்றையில் கிடக்கும். நான் சரியாக இருப்பதா பெரிது? நாம் ஒரே வாசலிலிருந்து எண்ணுவதல்லவா பெரிது! பஞ்சாயத்தில் எண்ணுங்கள், பள்ளியில் எண்ணுங்கள், பட்டாசு ஆலையில் எண்ணுங்கள், முதலில் என்ன?

"பக்கம்!" பிறகு? "உள்ளே!" இன்னும் உரக்க!

போதும். மேடையிலிருந்து பார்த்தால் எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது. ஆகவே ஒலிபெருக்கியை இங்கேயே வைத்துவிட்டு இறங்குகிறேன். வாசல் மூலையில் தீப்பெட்டியை வைத்துவிட்டு, பக்கமாக நான்கு, உள்ளே மூன்று நடக்கப்போகிறேன். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், உரக்கச் சொன்ன தாய்மார்களுக்கும் என் நன்றி, வணக்கம்.

பேச்சியம்மா, அங்கனயே இரு. வந்துட்டேன்.