வண்டி கிளம்பாத இரண்டு நாள்

அக்கா: கையைத் தூக்கு... சட்டையை இப்பத்தான் இஸ்திரி போட்டேன், அதுக்குள்ள முதுகு பூரா கசக்கி வச்சிருக்கே. சரி, முதல்லேருந்து சொல்லு.

தம்பி: "மாண்புமிகு அமைச்சர் அவர்களே... சுற்றுலாத் துறை அதிகாரிகளே..." அக்கா, நாக்கு ஒட்டிக்குது.

அக்கா: வண்டி ஓட்டும்போது மட்டும் வாய் ஓயாதே!

தம்பி: அது வண்டி. இது மேடை.

அக்கா: அமைச்சர் என்ன கடிச்சா திங்கப் போறார்? உனக்கு விருது கொடுக்கத்தானே வர்றார்.

தம்பி: கேள்வி வேற கேப்பாராம். "இந்த ஏரிக்கு ஷூட்டிங் எப்படி வந்துச்சு?"ன்னு.

அக்கா: சொல்லேன், பெருமையா! காலையில கூட வாசல்ல நாலு பேர். எந்த நாட்டுக்காரங்களோ, பேச்சு ஒண்ணும் புரியல. போன்ல நம்ம ஏரியில எடுத்த சீரியலைப் போட்டு, படகுத்துறையைக் கை காட்டறாங்க. கதாநாயகி அழுத படிக்கட்டுல உட்கார்ந்து, இவங்களும் அழற மாதிரி போட்டோ!

தம்பி: ஏர்போர்ட்ல இறங்கினா ஊர் பேரே சொல்றதில்லையாம். "அந்த அழுத ஏரிக்குப் போப்பா"ங்கறாங்களாம்.

அக்கா: நம்ம லாட்ஜ் எட்டு ரூமும் அடுத்த வருஷம் வரைக்கும் புக்கிங். கம்பெனி வண்டி ஓட்டிட்டு இருந்த உனக்கு இப்ப சொந்தமா அஞ்சு வண்டி. எதிர்வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகையைக்கூட ரூமாக்கிட்டார்.

தம்பி: அப்ப மாடு?

அக்கா: வெளியே நிக்குது. அது கூடவும் போட்டோ எடுக்கறாங்கடா!

தம்பி: நெனச்சுப் பார்த்தா... மூணு வருஷம் முன்னாடி இதே லாட்ஜை விக்க நீ ஆள் பார்த்து வச்சிருந்தே.

அக்கா: உங்க மாமா போனப்புறம் ஈ காக்கா வரல. மெத்தையெல்லாம் சுருட்டி அடுக்கியாச்சு. அப்பதான் நீ வாடகைக் கம்பெனி வண்டியில சீரியலுக்கு இடம் பார்க்க வந்த அந்த லொகேஷன் மேடத்தைக் கூட்டிட்டு வந்து நின்னே.

தம்பி: ஒரே மூடுபனி.

அக்கா: "ஏரி எங்கே?"ன்னு கேட்டாங்க. நான் வெள்ளையா தெரிஞ்ச பக்கமா கையைக் காட்டினேன். வேற என்ன பண்றது?

தம்பி: மறுநாள் காலையில "வேற ஏரி பார்க்கலாம், கிளம்புங்க"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நடந்ததைத்தான் மேடையில எப்படிச் சொல்றதுன்னு...

அக்கா: சொல்றதுக்கு என்ன? வண்டி சாவி தொலைஞ்சது. ரெண்டு நாள் தேடினோம். மூணாம் நாள் பனி விலகிச்சு, ஏரி தெரிஞ்சுது, மேடம் அசந்து போனாங்க. சாவியும் கிடைச்சிடுச்சு.

தம்பி: சாவி கிடைச்சுதுதான்... ஆனா அது வந்து...

அக்கா: ஏன்டா முழிக்கறே?

தம்பி: அக்கா... சாவி தொலையல. நான்தான் ஒளிச்சு வச்சேன்.

அக்கா: மாவு டப்பாவுல.

தம்பி: ஐயோ! உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: அன்னிக்கே ரொட்டிக்கு மாவு அள்ளும்போது கையில தட்டுப்பட்டுச்சு.

தம்பி: அப்பவே எடுத்துக் கொடுத்திருக்கலாமே?

அக்கா: இன்னும் கொஞ்சம் ஆழமா அமுக்கி வச்சேன்.

தம்பி: அடிப்பாவி! என்கூட சேர்ந்து கட்டிலுக்கு அடியில எல்லாம் புகுந்து தேடினியே!

அக்கா: நீ மட்டும் என்ன? டார்ச் அடிச்சு, சாமிக்கு வேற வேண்டிக்கிட்டே!

தம்பி: சிரிக்காதே... நாளைக்கு மேடம் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. அவங்க முகத்தைப் பார்த்துட்டு நான் எப்படி...

மேடம்: உள்ளே வரலாமா?

தம்பி: மேடம்! வாங்க... வாங்க... எப்ப வந்தீங்க?

மேடம்: மாவு டப்பா பேச்சு வந்தப்போ.

அக்கா: உட்காருங்கம்மா. மறைக்க ஒண்ணுமில்ல. கைவிட்டுப் போக இருந்த லாட்ஜ்... எப்படியாவது ஒரு தடவை நீங்க அந்த ஏரியைப் பார்த்துட மாட்டீங்களான்னு ஒரு ஆசை. உங்களை ரெண்டு நாள் ஏமாத்திட்டோம். தப்புதான்.

தம்பி: நாளைக்கு மேடையிலேயே மன்னிப்பு கேட்டுடறேன் மேடம். விருதையும் நீங்களே வாங்கிக்குங்க.

மேடம்: அதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். வாடகை வண்டிக்குக் கம்பெனியில எத்தனை சாவி கொடுப்பாங்க?

தம்பி: ரெண்டு. ஒண்ணு டிரைவருக்கு... இன்னொண்ணு... இன்னொண்ணு...

அக்கா: என்னடா, சொல்லித் தொலையேன்!

மேடம்: இன்னொண்ணு வாடகைக்கு எடுத்தவங்களுக்கு. அந்த ரெண்டு நாளும் அது என் கைப்பையிலதான் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு மும்முரமா தேடறதைப் பார்த்தேன்... அப்படி என்னதான் இருக்கு அந்தப் பனிக்குப் பின்னாலன்னு பார்க்காம போக எனக்கு மனசு வரல.