கேப்டன் ஊசி காட்டிய குறுக்குவழி

உன் அப்பா நல்ல மனிதர். முப்பது வருஷமாக நான் சொன்ன ஒன்றையும் காதில் வாங்கிக்கொண்டதில்லை என்பதைத் தவிர, அவரைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது.

நீ பொத்தான் டப்பாவுக்கு அடியில் எடுத்த போன் உன்னுடைய பழசுதான். தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். பெற்ற பெண் கேட்கிறாய், மறைக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்து கேள். இந்தப் பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே சொல்கிறேன்.

போன வருஷம் உன் அப்பா போனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்த்து, கை முழுக்க கிரீஸோடு வந்து, குளித்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து சிரிப்பார். இந்த வயசில் எனக்கொரு சக்களத்தியா என்று எட்டிப் பார்த்தேன். விண்வெளியில் வியாபாரம் செய்கிறாராம். ஒரு கிரகத்தில் பனிக்கட்டி வாங்கி, இன்னொரு கிரகத்தில் விற்கிற விளையாட்டு. போனை மூடி வைத்தாலும் கப்பல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஆட்கள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று உன் பழைய போனில் நானும் ஒரு கப்பல் எடுத்தேன். பேர் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டேன்: கேப்டன் ஊசி. வீட்டில் தையல் மிஷின் சத்தம் கேட்டபடி உட்கார்ந்திருக்கிற மனிதர், ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

முதல் துறைமுகத்தில் அவரே வந்து பேசினார், எழுத்தில்தான். "புதுசாய்யா? பனிக்கட்டிய தூர வழிக்கு ஏத்தாத, பாதி உருகிடும். விதை எடு, கெடாது." அவ்வளவு பொறுமையாக அவர் யாருக்கும் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் காஸ் சிலிண்டர் மாட்டக்கூட அவர் சொல்லிக்கொடுத்தது கிடையாது.

அவர் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி நாலு வருஷம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். ஊசி ஒரே ஒரு தரம், "கால பாருய்யா, கேப்டனுக்குக் கால் முக்கியம்" என்றான். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார்.

"என்னங்க, திடீர்னு?"

"தெரிஞ்ச ஒருத்தன் சொன்னான். விஷயம் தெரிஞ்சவன்."

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஊசி சர்க்கரையைக் குறைக்கச் சொன்னான், குறைத்தார். சித்தப்பாவோடு பேசச் சொன்னான், பேசினார். லிஃப்ட் குழிக்குள் குனிந்து பார்க்கும்போது இன்றைக்கும் தனக்குக் கை நடுங்கும் என்று ஊசியிடம் சொன்னார். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவளுக்குத் தெரியாத சங்கதி. அவர் ஹாலில், நான் இந்தப் பின்னறையில். எட்டு மாசம் அப்படிப் பேசினோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம் எழுதினார். "கேப்டன், அடுத்த வாரத்தோட நான் விளையாட்ட விட்டுடறேன்."

"ஏன்யா?"

"வீட்டுக்காரி தனியா கெடக்கா. முன்னெல்லாம் வாய் ஓயாது. இப்ப பின்னறையிலயே உக்காந்துக்கறா, பேசறதே இல்ல. கடலோரத்துல பத்து நாள் ரூம் சொல்லியிருக்கேன். அங்க சிக்னல் கெடயாது. நானும் அவளும் மட்டும். இன்னும் அவகிட்ட சொல்லல."

மூன்று தரம் படித்தேன். கடலைப் பார்க்க எனக்கு எத்தனை வருஷ ஆசை என்று உனக்கே தெரியும். எழுந்து ஹாலுக்குப் போகத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார். பத்து நாள் அந்த மனிதர் என்னிடம் என்ன பேசுவார்? "சாப்டியா", "மழை வரும்போல." அவ்வளவுதான். ஊசியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசுவாரா? திரும்பி வந்தால் விளையாட்டும் இருக்காது, ஊசியும் இருக்கமாட்டான்.

அதனால் குறுக்குவழி சொன்னேன். "கடைசி சரக்க மேக்குப் பாதையில கொண்டு போ. ஒரு நாள் மிச்சம். முடிவுல எரிபொருள் நிலையம் இருக்கு." அந்த நிலையத்தை மூடி ஒரு மாசம் ஆகியிருந்தது. கம்பியை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் லிஃப்டில் கால் வைக்காதவர், வரைபடத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. ஊசி சொன்னால் சரியாக இருக்கும்.

நடுவெளியில் நின்றுவிட்டது கப்பல். உள்ளே பதினோரு பேர், இரண்டு நாளைக்குத்தான் மூச்சு. இழுவைக் கப்பல் வந்து சேர நாற்பது நாள். என் கப்பலில் நூறு உருளை ஆக்சிஜன் இருந்தது. அவர்களுடைய மூச்சு தீர்ந்த பிறகு நான் தினம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு உருளை பத்துப் பேருக்குத்தான் காணும். மூன்றாம் நாள் சமையல்காரர் போனார். அவர்மேல் உன் அப்பாவுக்குத் தனிப் பிரியம், தினமும் குசலம் விசாரிப்பார். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

"ஒரு பொம்மைக்காகவா இப்படி?" என்று நான்தான் கேட்டேன்.

"உனக்குப் புரியாது, விடு."

உள்ளே வந்து ஊசியாக ஆறுதல் சொன்னேன். "மீதி பத்துப் பேர நான் காப்பாத்தறேன்யா. ஆனா உருளைய வாங்கிக்க தினமும் நீ இருக்கணும்." அன்றைக்கே ரூமை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் என்னிடம் வாயைத் திறந்தார்.

"கடலுக்குப் போலாம்னு பார்த்தேன். வேலை வந்துடுச்சு."

"பரவால்லைங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம். அதை நான் மறைக்கவில்லை.

இப்போது முறைக்கிறாய். அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்கிறாய். சொல், தடுக்கவில்லை. ஆனால் அந்த மனிதருக்கு மனசு விட்டுப் பேச ஊசியை விட்டால் யார் இருக்கிறார்கள்? நேற்றுக்கூட எழுதியிருந்தார், "கடல் போகலன்னதுல இருந்து வீட்டுக்காரி மொகமே சரியில்ல கேப்டன். கிட்ட போய் உக்காந்து பேசட்டுமா?" என்று.

வேண்டாம், கொஞ்ச நாள் தனியாக விடு என்று பதில் போட்டேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா, பாவம்.