நின்ன இடம்

— திரும்பவும் நிதானமா சொல்லுங்க அண்ணி. பழைய படத்தை அழிக்க நான் எழுதிக் குடுத்த கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்டை ஓட்டுனீங்க. அப்புறம்?

— "அழிச்சாச்சு"ன்னு காட்டுச்சு. ஸ்டுடியோ ஃபோல்டரைத் திறந்தா, குடுத்து முடிச்ச கல்யாணப் படமெல்லாம் குத்துக்கல்லாட்டம் அப்படியே கிடக்கு. புதுப் படத்துக்கு இடமே இல்ல. சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— அண்ணனை நான் பார்த்துக்கறேன். பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் படம் போட்டுத் தர என் பென்டிரைவைக் காலி பண்ணிக் குடுத்தேனே?

— அதுல உன் ஆராய்ச்சி இருந்துச்சேம்மா?

— அது நகல்தான். ஒரிஜினல் இந்தக் கம்ப்யூட்டர்லயே இருக்கு.

— போன தடவை கை தவறி நாலு படம் அழிச்சதுக்கு, கஸ்டமர் முன்னாடியே உங்க அண்ணன் "உனக்கெல்லாம் எதுக்குடி கம்ப்யூட்டர்"னாரு. இன்னும் மனசு ஆறல. உன் ஸ்கிரிப்ட் அழிச்சா குப்பைத்தொட்டியில கூட இருக்காதுன்னு நீ சொன்னப்பவே எனக்குப் பயம்தான்.

— தப்பு உங்க மேல இல்ல. நானும் இப்பத்தானே கத்துக்கறேன். "'முடிஞ்சது'ங்கிற ஃபோல்டரை அழி"ன்னு மொட்டையா எழுதிட்டேன். எங்க இருக்கிற ஃபோல்டர்னு முழு விலாசம் போடல.

— போடலன்னா?

— "பக்கத்து ரூமைக் கூட்டு"ன்னா, நிக்கிற இடத்துக்குப் பக்கத்து ரூமைத்தானே கூட்டுவீங்க? அப்படித்தான் இதுவும். ஸ்டுடியோ ஃபோல்டர்ல நின்னு ஓட்டுனா ஸ்டுடியோவோடது போகும். நான் அங்க நின்னுதான் சோதிச்சுப் பார்த்தேன்.

— வேற எங்கயாவது நின்னா?

— அந்தப் பேர்ல அங்க ஃபோல்டர் இல்லன்னா, "இல்ல"ன்னு சொல்லிட்டு சும்மா இருந்துரும்.

— "இல்ல"ன்னு சொல்லலியே. "அழிச்சாச்சு"ன்னுதானே சொல்லுச்சு.

— நீங்க எங்க நின்னு ஓட்டுனீங்க அண்ணி?

— ஸ்கிரிப்ட் இருக்கிற இடத்துக்குப் போய்த்தானே ஓட்டணும்? உன் ஃபோல்டர்லதான். ஏம்மா, மூஞ்சியே செத்துப் போச்சு? கஸ்டமர் படம் எதுவும் போகலதானே? அவர்கிட்ட சொல்ற மாதிரி ஏதாவது ஆயிருச்சா?

— இல்ல அண்ணி. அண்ணன்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்ல. என் ஆராய்ச்சியில எழுதி முடிச்ச அத்தியாயத்தை எல்லாம் நானும் 'முடிஞ்சது'ங்கிற பேர்லதான் போட்டு வெச்சிருந்தேன்.