கூட்டம் இல்லாத வாரம்

"ஹலோ... ஹலோ! டேய், அக்கா பேசறேன்டா... ஆமா, ஆமா, டிக்கெட் வந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன்... நன்றியா? உனக்கு நன்றி ஒண்ணுதான் குறைச்சல்! தேதி என்னடா போட்டிருக்கே?... பதினஞ்சுலேருந்து பதினேழா? நான் சொன்னது எட்டு, ஒம்பது, பத்து. விரல் விட்டு எண்ணிச் சொன்னேனே!"

மருந்துக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். கத்த வேண்டிய பேச்சை எல்லாம் கிசுகிசுத்துத் தீர்க்க வேண்டிய நிலைமை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கல்லாவில் கணவர் இருந்தார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவார் என்று தெருவே மெச்சும் மனிதர். பெண்டாட்டி முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் அவருக்கு வராது.

"கூட்டமா? கூட்டத்தைப் பத்தி உன்கிட்ட யாருடா கேட்டா?... ஆமா... ஆமாங்கறேன், அந்த வாரம் கார் பந்தயம்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அந்தத் தேதியைச் சொன்னேன்... ரோடை அடைச்சுடுவாங்களா? அடைக்கட்டும். காது கிழியுமா? என் காது, நான் பார்த்துக்கறேன்... சிரி, நல்லா சிரி. இந்த வயசுல அக்காவுக்குக் கார் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு சிரி!"

தம்பி பயணச்சீட்டு, தங்கும் அறை எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். தங்கமான பிள்ளை, ஆனால் ஓட்டை வாய். அதனால்தான் அவனிடம் 'ஊர் சுத்திப் பார்க்கப் போறோம்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். உண்மையான சங்கதி வேறு. அவளுடைய ஒரே மகன், சின்ன வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் போட்டதால் 'நட்டு' என்று பேர் வாங்கியவன், மூன்று வருடத்துக்கு முன் மருந்தியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பந்தயக் கார்களுக்கு டயர் மாற்றும் வேலைக்குப் போய்விட்டான். 'இனிமே இந்தப் படி ஏறாதே' என்றார் அப்பா. பிள்ளையும் அவரைப் போலவே வீம்புக்காரன், ஏறவில்லை. இப்போது அவனுடைய குழு, இவள் டிக்கெட் போடச் சொன்ன அதே நகரத்துக்குப் பந்தயத்துக்காக வருகிறது. சனிக்கிழமை சாயந்திரம் அவனுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, ஞாயிறு பந்தயம் முடிந்ததும் வேறு தேசத்துக்கு மூட்டை கட்டிவிடுவான். அந்த ஒரு மணி நேரத்தில் அப்பனையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்துவிடலாம் என்று இரண்டு மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள்.

"நட்டு வர்றான்டா... நம்ம நட்டுதான், வேற எந்த நட்டு?... முன்னாடியே ஏன் சொல்லலையா? உன்கிட்ட சொல்றதும் தண்டோரா போடறதும் ஒண்ணுதானே!... இரு, ஒரு நிமிஷம். என்னங்க? அதுவா, வலது பக்கம் மூணாவது தட்டுல இருக்கு, பாருங்க!... ம், சொல்லு... ரூம் இல்லையா? அத்தனை பெரிய ஊர்ல ஒரு ரூம் கூடவா இல்ல?... அப்புறம் எந்தத் தைரியத்துலடா என்னைக் கேக்காம தேதியை மாத்தினே? யாரைக் கேட்டு மாத்தினே?"

அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டதும் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அத்தானா?... எப்போ?... அவரே கூப்பிட்டாரா? அந்த வாரம் வெளியூர்ல வேலை இருக்குன்னா சொன்னார்? அவருக்கு ஏதுடா வெளியூர்ல வேலை! கடையை விட்டா வீடு, வீட்டை விட்டா கடை... என்ன மென்னு முழுங்கறே?... சொல்லக் கூடாதா? யார்கிட்ட? என்கிட்டயா? பிறந்ததுலேருந்து பூட்டாத வாய்க்கு இன்னிக்குத்தான் பூட்டு கிடைச்சுதா? மரியாதையா சொல்லிடு!"

கேட்டாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பந்தயம் பார்க்க ஒரு சீட்டா?... ஞாயித்துக்கிழமைக்கு... அவருக்கு மட்டுமா?... கார் பறக்கற வளைவுல நல்ல இடமாத் தரேன்னு நீ சொன்னியா?... வேண்டாம்னுட்டாரா?... கார் ஓடறது தெரியலைன்னாலும் பரவாயில்ல, டயர் மாத்தற இடம் தெரிஞ்சாப் போதும்... அப்படியேவா சொன்னார்?"

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, யாரோ ஒரு அம்மாளுக்கு எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை ராத்திரி என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார் அவர். ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை மாதிரி முகம்! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

"பாவி மனுஷன்! பிள்ளை பேரை எடுத்தா, பாதிச் சாப்பாட்டுல எழுந்து போவார்டா. மூணு வருஷமா நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதுட்டு இருக்கேன், இவர் திருட்டுத்தனமா சீட்டு வாங்கறாரா? தூர நின்னு பார்த்துட்டு வந்து, 'வேலை முடிஞ்சுது, காப்பி கொடு'ன்னு என்கிட்டயே கேட்டிருப்பார்!... ஆமா, அழறேன்தான். அழாம கும்மியா அடிப்பாங்க?... பக்கத்து சீட்டு எனக்கு வேண்டாம். அவர் சீட்டையும் ரத்து பண்ணு... ஆமாடா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். பெத்த பிள்ளையை வேலிக்கு வெளியில நின்னு பார்க்கற கண்றாவி வேண்டாம். சனிக்கிழமையே நேரா கூட்டிட்டுப் போறேன்... வரமாட்டாரா? வராம எங்கே போவார்! நீ ரூமைத் தேடு. ஊருக்கு வெளியில இருந்தாலும் சரி, மாட்டுக் கொட்டகையா இருந்தாலும் சரி... ம்... ம்... இரு."

மருந்து வாங்கிய அம்மாள் படியிறங்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு, போனைக் கையால் மூடக்கூடச் செய்யாமல், மூன்று வருடமாகக் கிசுகிசுத்தே பழகிய தொண்டையைத் திறந்தாள்.

"என்னங்க! கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க. நட்டு வர்றான்."

அந்தப் பக்கம் தம்பி ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்தாள்.