மூவர்ண விளக்குகளின் இரைச்சல்

விசில் போல ஒரு சத்தம். நீளமானது. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம்.

அலைபேசி கமலா அக்காவின் கையில் இருக்கிறது. ஸ்பீக்கர் போட்டிருக்கிறாள். நாங்கள் ஹைதராபாத்தில், சைனிக்புரியில், முதல் மாடியில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். சத்தம் வருவது எல்லைக் கோட்டை ஒட்டிய ஒரு மலையூரிலிருந்து. அங்கே அக்காவின் ஒரே மகன் முரளி இருக்கிறான். ஆப்பிள் கிடங்கு ஒன்றில் குளிர்சாதன இயந்திரம் பொருத்த, அவன் வேலை பார்த்த சனத்நகர் கம்பெனி அவனை அனுப்பியிருந்தது.

"நீச்சே! சப் நீச்சே!"

எல்லோரையும் கீழே படுக்கச் சொல்லிக் கத்துகிறான். எங்களிடம் இல்லை. பக்கத்தில் இருந்த யாரிடமோ.

இரண்டாவது விசில். ஜல்லி கொட்டும் சத்தம் வரவில்லை. இணைப்பு போயிருந்தது.

அக்கா மேசைக்குக் கீழே குனிந்திருந்தாள். எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் குனிந்திருந்தேன்.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அக்கா அதை மறுபடி கேட்க விரும்பவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் ஓர் ஆங்கில நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை. அந்த மாவட்டத்தில் அலைபேசியும் இணையமும் நிறுத்தப்பட்டுவிட்டன. தொலைக்காட்சி மட்டும் நிற்கவில்லை. ஒரு சேனல் எதிரியின் துறைமுகம் எரிகிறது என்றது. அதே நெருப்பை இன்னொரு சேனல் விமானத் தளம் என்றது. அந்தப் படம் எனக்குத் தெரியும். வேறொரு நாட்டில், பல வருஷம் முன்பு பற்றிய எண்ணெய்க் கிடங்கு. அதற்குப் படக்குறிப்பு எழுதியவனே நான்தான்.

கம்பெனி மேலாளரை அழைத்தேன். அவருக்கும் தகவல் இல்லை. ஆனால் ஒன்று சொன்னார். அந்த மாவட்ட வானொலி நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீடியம் வேவ். யாரை எந்தப் பள்ளியில் தங்க வைத்திருக்கிறார்கள், எந்த மருத்துவமனையில் யார் என்று தினமும் மாலை அறிவிக்கிறார்கள். அங்கிருந்து திரும்பிய லாரி டிரைவர் கேட்டிருக்கிறார்.

மீடியம் வேவ் பகலில் தூரம் போகாது. பொழுது சாய்ந்தால் போகும். ஆயிரம் மைல்கூடப் போகும். எஃப்எம் அப்படியில்லை. ஊர் எல்லைக்குள் முடிந்துவிடும்.

அலமாரியிலிருந்து ரேடியோவை எடுத்தேன். இரண்டு பேண்ட். புது பேட்டரி போட்டேன். எஃப்எம் கண்ணாடி போல இருந்தது. நகைக்கடன். மனை விற்பனை. காதல் பாட்டு. மீடியம் வேவுக்கு மாற்றினேன். ரம்பம் மரத்தை அறுக்கும் சத்தம். முள்ளை எங்கே வைத்தாலும் ரம்பம்.

ஆன்டெனாவை முழுதாக இழுத்தேன். பயனில்லை என்று தெரியும். அந்தக் கம்பி எஃப்எம்முக்குத்தான். மீடியம் வேவை வாங்குவது பெட்டிக்குள் இருக்கும் கறுப்புக் காந்தக் குச்சி. பெட்டியையே திருப்ப வேண்டும். திருப்பினேன். ஜன்னலோரம் கொண்டுபோனேன். பால்கனிக் கம்பியில் ஒயர் கட்டி மறுமுனையைப் பெட்டியைச் சுற்றி நான்கு சுற்று சுற்றினேன். ரம்பம் பெரிதானது.

"பேப்பர்ல அவ்ளோ வருஷம் இருந்தியே சேகரு. ஒரு டப்பாவப் பேச வெக்கத் தெரியல?"

"வீட்டுல இருக்கிற சாமான்தான்கா இரைச்சல் போடுது. ஒவ்வொண்ணா நிறுத்தணும்."

"மெயினையே நிறுத்து. இன்னா இப்போ, கரண்ட் இல்லாம செத்தா போயிடுவோம்?"

நிறுத்தினேன். எல்ஈடி பல்பு போனது. சார்ஜர் போனது. ஃப்ரிட்ஜ் போனது. இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு உறுமியது. அதையும் கழற்றினேன். இருட்டில் உட்கார்ந்தோம். ரம்பத்தில் பாதி போனது. பாதி இருந்தது.

அந்தப் பாதியைக் கவனித்தேன். அது ஒரே சீராக இல்லை. ஒரு நீளம். ஒரு குட்டை. ஒரு கீச்சு. இடைவெளி. மறுபடி நீளம், குட்டை, கீச்சு. பால்கனிக்கு வந்தேன். தெரு முழுக்க, இரண்டு பக்கமும், நுழைவு வளைவிலும், சீரியல் விளக்குகள். முந்தின நாள்தான் தெருச் சங்கம் கட்டியது. படைவீரர்களுக்கு மரியாதை. காவி எரிந்தது. நீளம். வெள்ளை எரிந்தது. குட்டை. பச்சை. கீச்சு.

ரேடியோவை மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கியது. குச்சியின் நுனி வளைவை நோக்கியிருந்தது. நுனி எதை நோக்குகிறதோ அதைத்தான் அது கேட்காது. சந்தேகமில்லை. மலிவு அடாப்டர்கள். நூறு வீட்டு நீளத்துக்கு.

அலைபேசியில் வானொலிச் செயலியில் தேடினேன். அந்த நிலையம் இல்லை. அரசு அறிவித்த உதவி எண்ணை அழைத்தேன். பெயரைப் பதிந்துகொண்டார்கள்.

அடுத்த மாலை வான்தாக்குதல் ஒத்திகை. சைரன் ஊளையிடுகிறது. மேலே போய்க் கீழே இறங்கி மறுபடி மேலே. இது ஓய்வு பெற்ற படையினர் பகுதி. மற்ற பேட்டைகள் ஒத்திகையை வேடிக்கை பார்த்தன. இங்கே ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். ஒவ்வொரு முனையிலும் விசில்காரர்.

"லைட் பந்த்! மூணாவது வீடு! லைட் பந்த்!"

"மோட்டார் ஆஃப்! இன்வெர்ட்டர் ஆஃப்!"

தெரு அணைந்தது. சீரியல் விளக்குகள் அணைந்தன. மின்மாற்றியின் ரீங்காரம்கூட நின்றது. ரேடியோவைப் போட்டேன்.

ஒரு மனிதர் பேசுகிறார். இந்தி. நிதானமான குரல். அலைபோல் ஏறி இறங்குகிறது. பின்னால் யாரோ இருமுகிறார்கள். அந்த இருமல்கூடக் கேட்கிறது. எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று சொல்கிறார். தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்று சொல்கிறார். பிறகு மருத்துவமனை அறிவிப்புகள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"முப்பது வயது மதிக்கத்தக்க ஆண். அடையாளச் சீட்டு இல்லை. தலையில் காயம். தமிழ் பேசுகிறார். வலது முழங்கைக்குக் கீழே..."

சைரன். ஒரே நீளமான ஊதல். ஆபத்து நீங்கியது. தெரு எரிந்தது. கைதட்டல். 'ஜெய்' கோஷம். நீளம், குட்டை, கீச்சு.

"கையில இன்னா? கையில இன்னாடா சொன்னான்?"

கேட்கவில்லை. அடுத்து ஒரு தொலைபேசி எண் சொன்னது மட்டும் தெரிந்தது. ஏக், ஒன்று, என்று ஒரு இலக்கம் பிடிபட்டது. மற்றது ரம்பம்.

முரளிக்கு வலது முன்கையில் தழும்பு உண்டு. காஸ் வெல்டிங் தீ. அதைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள்.

"அவன் இல்ல. தமிழ் பேசுறான்னு சொன்னான் இல்ல? நம்ம முரளி எப்படா தமிழ் பேசினான்? நான் சாப்பிட்டியான்னு கேட்டா 'ஹவ் மம்மி, தின்னானு'ன்னுவான்."

உண்மை. செகந்திராபாத்தில் பிறந்தவன். எங்கள் அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே பணிமனைக்கு வந்தவர். நாங்கள் வீட்டில் தமிழ். முரளி தலைமுறைக்குக் காது மட்டும் தமிழ். வாய் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ். திட்டினால்கூடத் தெலுங்கில் திட்டுவான். மேலாளரும் அதையே சொன்னார். எங்க பையன் ஃபர்ஸ்ட் கிளாஸ் இந்தி சார், அவன் இல்லை.

உதவி எண்ணில் கேட்டேன். தமிழ் பேசுகிறவர் என்றால் சென்னை எண்ணை அழைக்கச் சொன்னார்கள். சென்னை எண்ணில் முகவரி கேட்டார்கள். சைனிக்புரி என்றேன். அப்படியானால் ஹைதராபாத் எண் என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகப் பேசினார்கள்.

ஆக அந்தக் கையைப் பற்றிய வாக்கியம் வேண்டும். அந்த எண் வேண்டும். அறிவிப்பு தினமும் மாலை அதே நேரம். அரை மணி நேரம் விளக்கு அணைந்தால் போதும்.

மதியம் சங்கத் தலைவர் மோகன் ராவ் வீட்டுக்குப் போனோம். சுபேதாராக ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். எனக்கு ஊசி போட ஒருமுறை ராத்திரியில் கார் எடுத்தவர். தெலுங்கும் தமிழும் கலந்து அக்காவிடம் பேசுவார்.

"அம்மா, நேத்து மேலேர்ந்து ஆர்டர் வந்துச்சு. அணைச்சோம். இன்னிக்கு ஆர்டர் லேது."

"அரை மணி நேரம் சார். நேத்து மாதிரியே."

"ஆர்டர் இல்லாம இருட்டாக்கினா ஜனம் பயந்துரும். மேலும் அது கொடிம்மா. கொடிய எப்படி அணைக்கிறது?"

"கொடி இல்ல சார். சீரியல் பல்பு. பேகம் பஜார்ல வாங்கினது."

அவர் தரையைப் பார்த்தார். என் கையில் இல்லை, குழுவில் கேட்கிறேன் என்றார். கேட்டார். தெருவின் வாட்ஸ்அப் குழு. பதில்கள் உடனே வந்தன. வீரர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள், நம்மால் விளக்கைக் கொடுக்க முடியாதா? யூடியூப் பாருங்க ஆன்ட்டி. அந்த அங்கிள் எந்த நாட்டு ரேடியோ கேட்கிறார்? பிறகு வரிசையாகக் கொடிப் படங்கள். அக்கா எல்லாவற்றையும் படித்தாள். "நம்ம நாட்டு ரேடியோதான்" என்று தட்டினாள். அதற்கு மேலும் கொடிகள் வந்து விழுந்தன.

மாலை ஆட்டோ பிடித்தோம். உப்பல் தாண்டி, வீடு எழும்பாத மனைகள். விளக்கு இல்லை. கம்பம் இல்லை. எல்லைக் கல் ஒன்றின் மேல் ரேடியோவை வைத்தேன். ஒயரை வேலியில் மாட்டினேன். வருகிறது. மெலிதாக, ஆனால் சுத்தமாக. அதே மனிதர். சாலைகள். தண்ணீர் லாரி.

பைக் சத்தம். இரண்டு பைக். நான்கு பேர். அலைபேசி வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. அதிலேயே படமும் எடுக்கிறார்கள்.

"க்யா கர்ரே அங்கிள்? வயர் கைக்கு?"

"நியூஸ் கேக்குறோம்பா. எம் புள்ள அங்க இருக்கான்."

"ஏ பாஷ கியாஜி? சிக்னல் தேரே க்யா? வயர் நிகாலோ! பஹலே நிகாலோ!"

இது என்ன பாஷை, சிக்னல் கொடுக்கிறீர்களா, முதலில் ஒயரைக் கழற்று என்கிறார்கள். அக்கா ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒருவன் ஒயரை இழுத்தான். குரல் போனது. ரோந்து வண்டி வந்தது. யாரும் எங்களை அடிக்கவில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் நாற்காலி கொடுத்தார்கள். டீ கொடுத்தார்கள். ஆதார் அட்டையைப் படம் எடுத்தார்கள். ரேடியோவை மேசை மேல் வைத்தார்கள்.

"ஐயா, அதக் கொஞ்சம் போடுங்க. இங்கயே கேட்டுட்டுப் போயிடறோம். இப்பதான் ஆஸ்பத்திரி நியூஸ் வர்ற நேரம்."

தெலுங்கில்தான் கேட்டாள். அதிகாரி போட்டார். மேலே ட்யூப் லைட். பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர். சுவரில் சிசிடிவி பெட்டி. ரம்பம். முள்ளை அந்தக் கோடிவரை திருகிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே வரலையேம்மா. அங்க இருட்டுல எதைக் கேட்டீங்க?"

ட்யூப் லைட்டை அணைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். ஸ்டேஷனை இருட்டாக்கவா என்றார். விடும்போது நேரம் கடந்திருந்தது. ரேடியோ விசாரணைக்காக அங்கேயே இருந்தது.

மறுநாள் மாலை சண்டை நிறுத்தம். தெருவில் பட்டாசு. ஒவ்வொரு வெடிக்கும் அக்கா தோளைக் குறுக்கினாள். அதற்கடுத்த நாள் அலைபேசிகள் உயிர்பெற்றன. முதலில் அழைத்த மருத்துவமனை எண்ணிலேயே தகவல் கிடைத்தது. மலையாளத்து நர்ஸ் ஒருவர் பேசினார். விடுப்பிலிருந்து வந்ததும் அவர்தான் மொழியைக் கண்டுபிடித்தவர். அதற்கு முன் இரண்டு நாள் யாருக்கும் அது என்ன மொழி என்று புரியவில்லை.

வலது முன்கையில் தீத்தழும்பு என்றார். ஆமாம் என்றேன்.

தலைக்காயம். இந்தியில் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இங்கிலீஷுக்கும் சொல்லவில்லை. தமிழில் மட்டும் பேசினான். தண்ணீர் கேட்டான். கதவைச் சாத்தச் சொன்னான். யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டான். அறிவிப்பை அவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன் வரும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். ராணுவ லைன் ஒன்று இருந்தது. வானொலியில் சொன்ன எண் அதுதான். ரிசீவரை அவன் காதில் வைக்க ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் காவல் நிலையத்தில் டீ குடித்த மாலையில் அவன் இறந்தான்.

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "தமிழா பேசினான்?" என்றாள். ஒருமுறைதான்.

நான் போனேன். அடையாளம் காட்டினேன். அவனோடு திரும்பி வந்தேன். சாம்பல் கரைத்தோம்.

இழப்புக் கணக்கு. முரளி, வயது முப்பத்தொன்று. அவன் கீழே படுக்கச் சொல்லிக் கத்திய அறையில் அவனைத் தவிர இருந்த ஐந்து பேரில் இருவர். ஒருவர் கிடங்குக் காவலாளி, ஒருவர் அவர் மனைவி. மற்ற மூவர் படுத்தார்கள், பிழைத்தார்கள். கேட்காமல் போன வாக்கியங்கள் இரண்டு. மோகன் ராவ் எங்கள் வீட்டுப் படியேறுவது நின்றது. அதையும் இழப்பில் சேர்க்கிறேன். காவல் நிலையத்திலிருக்கும் ரேடியோவை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

உயிரிழந்த பொதுமக்கள் பட்டியல் பத்திரிகையில் வந்தது. ஊர் வாரியாக. 'முரளி, சென்னை' என்றிருந்தது. அவன் சென்னையில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. நான் வேலை பார்த்த மேசைக்கே திருத்தம் எழுதி அனுப்பினேன். வெளியாகவில்லை. பட்டியலின் கீழே எங்கள் ஊருக்கும் ஒரு வரி இருந்தது. ஹைதராபாத்: உயிரிழப்பு இல்லை.

திருத்தம்: ஒன்று.