சங்கரசுப்புவின் ஆள்காட்டி விரல்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஈ ஓட்டும் வேலைதான். அதனால்தான் கடை வாசலில் கேரம் போர்டு வைத்தேன். பக்கத்துச் சேலைக்கடை சங்கரசுப்பு வருவான், ஆடுவான், ஜெயிப்பான், போவான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. போகும்போது, "ஏலே வேல்ராஜ், கை நடுங்குதுல்லா? ஒரு டானிக் எடுத்துக் குடி, உன் கடையிலயே இருக்கும்" என்பான். மருந்து வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவன் விரல் போனது வீரச்செயல் எதிலும் அல்ல. மெத்தைக்கு அடியில் விரிப்பைச் செருகும்போது வலது ஆள்காட்டி விரல் நுனி மடங்கி, அப்படியே தொங்கிவிட்டது. நுனியைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் அறுந்திருந்தது. திருநெல்வேலி டாக்டர் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் மாட்டி அனுப்பினார். இரவும் பகலும் நுனி நேராகவே இருக்க வேண்டும். துடைத்து டேப் மாற்றும்போது ஒரு தடவை மடங்கினாலும், சேர்ந்து வரும் தசைநார் மறுபடி விட்டுப்போகும். அவன் மனைவி பொன்செல்விக்கு அதைத் தொடவே பயம்.

"அண்ணாச்சி, நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். தினமும் ஸ்பிளிண்டை உருவி, பஞ்சால் துடைத்து, கொஞ்சம் காற்றாட விடுவேன். தொங்கிய விரலைப் பார்க்க அவனுக்குத் தைரியம் கிடையாது. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வான். நான் ஆடித்தபசுத் திருவிழா வியாபாரத்தைப் பற்றிக் கேட்பேன். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கட்டைவிரலால் நுனியை மெல்ல அழுத்தி மடக்குவேன்.

"என்னலே பண்ணுத?"

"துடைக்கேன். பேசாம இரு."

பிறகு நேராக்கி டேப் சுற்றுவேன். கடையில் இருப்பதிலேயே நல்ல டேப்.

அந்த நாட்களில் யார் வந்து ஆடினாலும் நான்தான் ஜெயித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். ஒருநாள், "ஏலே, நல்லா அடிக்கியே நீ" என்றான். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சிகிச்சை இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று பட்டது. வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கும் ரூபியா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது அடிக்கடி மடங்கியிருக்கு. இனிமே நுனி நிமிராது சார்" என்றாள்.

பொன்செல்வி புருஷன் மேல் பாய்ந்தாள். "ரிமோட்டு, பேன் சுவிட்சு எல்லாத்தையும் அந்த விரல வச்சே அமுக்கிருப்பீரு. அண்ணாச்சி பாடுபட்டதெல்லாம் வீணாப் போச்சு."

புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் நுழையக்கூடாது. நான் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சங்கரசுப்பு தனியாக வந்தான். போர்டில் ஸ்டிரைக்கரை வைத்துச் சுண்டினான். அது பாதி வழியில் கோணலாக நின்றது. அவன் சிரிக்கவில்லை.

"நீ இவ்வளவு பாத்தும் தூக்கத்துல நான்தான் மடக்கிட்டேன் போல. மனசுல வச்சுக்கிடாத மக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது.

அத்தனை நாள், அத்தனை பஞ்சு, அத்தனை டேப். கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் சிநேகிதன் அல்லவா? மன்னித்துவிட்டேன்.