பின் சீட்டு எடை

என் பெயர் வில்ஃப்ரிதோ இன்ஸ்ஃப்ரான். வயது ஐம்பத்து மூன்று. பராகுவே குடிமகன். லூக்கே நகரில் சந்தைக்குப் பின்னால் உள்ள தெருவில் மனைவி சுனில்டாவுடன் வசிக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதில் இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை. மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்த எம்பனாடா பொரித்து விற்பது தொழில். டயரும் வீலும் மாட்டும் டெர்லிஸ் ரெகால்தே என்பவரின் கடைக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக என் தள்ளுவண்டி நிற்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

டெர்லிஸின் கடையில் ஒரு வண்டிக்கு வேறு அளவு வீல் மாட்டினால், சோதித்துப் பார்க்க என்னைக் கூப்பிடுவது வழக்கம். மட்கார்டின் உள் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து, கடை வாசலில் இருக்கும் வேகத்தடையில் மூன்று தடவை ஏற்றி இறக்குவார்கள். டயரில் வெள்ளை ஒட்டினால் இடிக்கிறது என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் வண்டியைக் கொண்டு போகலாம். என் எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. இரண்டு ஆள் பாரத்துக்கு நான் ஒருவனே போதும் என்பதால் கடையில் என்னை மூட்டை என்பார்கள். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவன் நான்தான்.

இந்த செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில், நெரி பிரீத்தெஸ் என்ற வாலிபர் சாம்பல் நிற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. அதில் பதினேழு இன்ச் வீல், அகலம் ஏழரை, ஆஃப்செட் நாற்பத்தெட்டு. வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும், அகலம் கூடினால் இன்னும் தள்ளும். பதினாறு வருடம் பக்கத்தில் நின்றதில் எனக்கும் இவ்வளவு தெரியும்.

நெரி, “அண்ணே, வீலு நல்லா வெளிய தெரியணும். பதினெட்டு இன்ச், ஒம்பதரை அகலம், ஆஃப்செட் இருபத்திரெண்டு. பாக்கறவன் வயிறு எரியணும்” என்றார்.

டெர்லிஸ், “அஞ்சு சென்டிமீட்டர் வெளிய வரும்டா. வயிறு எரியாது, டயர்தான் எரியும்” என்றார்.

நான் என் தள்ளுவண்டியிலிருந்தே, “மட்கார்டைக் கழட்டி மாமியாருக்குக் குடையா குடுத்துரு தம்பி, எல்லாருக்கும் சந்தோஷம்” என்றேன்.

அதன் பிறகு அரைமணி நேரம் பேரம் நடந்து, அகலம் ஒன்பது, ஆஃப்செட் முப்பத்தைந்து என்று முடிவானது. பழைய வீலை விட முப்பத்திரண்டு மில்லிமீட்டர் வெளியே. காலி வண்டிக்கு இது பொருந்தும், பின்னால் யார் உட்காருவார்கள் என்று டெர்லிஸ் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் மாமியார், இருவரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ இருப்பார்கள் என்று நெரி சொன்னார்.

“அப்ப நம்ம மூட்டை கணக்கா இருக்கும்” என்று டெர்லிஸ் என்னைக் கூப்பிட்டார். நான் கிட்டே வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணே, இளைச்ச மாதிரி இருக்கியே?”

“நானா? நேத்துதான் ஒரு முழுப் பன்னியத் தின்னுட்டு, அது பொண்டாட்டிகிட்ட துக்கம் விசாரிச்சுட்டு வந்தேன். நூத்தி நாப்பத்தெட்டுக்கு ஒரு கிலோ கூடவே இருப்பேன், கம்மி இல்ல.”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். டெர்லிஸும் சிரித்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். நான் சொன்னது பொய். அன்றைக்கு என் சட்டைக்குள் இரண்டு சட்டை போட்டிருந்தேன். பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தேன். மார்ச் மாதம் பொது மருத்துவமனையில் எடை பார்த்தபோதே நூற்று முப்பத்தொன்று. வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது, மேல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் போகவில்லை. சீட்டு மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. மனைவியிடம், நடந்து உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் இந்த மாதிரி வண்டிக்குள் நான் பக்கவாட்டில்தான் நுழைய முடியும், பையன்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். அன்றைக்கு நேராக நுழைந்தேன். ஸ்பிரிங் வழக்கமாக முனகும், முனகவில்லை. வேகத்தடையில் மூன்று தடவை ஏறி இறங்கியும் டயரில் வெள்ளை ஒட்டவில்லை. என் எடை போதாததால்தான் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. டெர்லிஸ் என் தோளைத் தட்டி, “மூட்டை பாஸ் பண்ணிருச்சு, எடுத்துட்டுப் போடா” என்று சாவியை நெரியிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கரையிலிருந்து மாமனார் மாமியாரோடு திரும்பும்போது, ரோட்டுப் பள்ளத்தில் வண்டி அமுங்கி, மட்கார்டு விளிம்பு பின் டயரை அறுத்து, டயர் வெடித்து வண்டி வாய்க்காலில் இறங்கியது. மாமியார் எர்சிலியா அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. திங்கட்கிழமை காலை, சரியாகச் சோதிக்காமல் வண்டியை அனுப்பினார் என்று போலீஸ்காரர்கள் டெர்லிஸைப் பிடித்துக்கொண்டு போய் கடைக்கு சீல் வைத்தார்கள். நான் எம்பனாடாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பார்த்தேன். அன்றைக்குப் பொரித்ததெல்லாம் கருகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை லாக்கப்புக்கு ஆறு எம்பனாடா கொண்டுபோய் டெர்லிஸிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“யார்கிட்டயும் சொல்லாத அண்ணே. அளவு எடுத்ததுல தப்புன்னு நானே ஒத்துக்கறேன். சில மாசம்தான உள்ள இருக்கணும். அண்ணிக்குத் தெரிஞ்சா தாங்குவாங்களா?”

“நீ உள்ள கெடந்தா என்னைய எவன்டா மூட்டைன்னு கூப்பிடுவான்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு எம்பனாடாவை எடுத்துக்கொண்டு, நாலைக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்து, “நீ தின்னு” என்றார். அந்த நாலும் இன்னும் என் பையில் இருக்கின்றன.

இன்று புதன்கிழமை. திருட்டு மாட்டிறைச்சி பிடிபட்டால் நிறுக்கும் தராசில் என்னை நிறுக்கும்படி நானே இந்த நிலையத்தில் கேட்டேன். சட்டைகளைக் கழற்றிவிட்டு ஏறினேன். நூற்றாறு கிலோ காட்டியது. எழுதுகிற அதிகாரி என்னை இறங்கச் சொல்லி இன்னொரு தடவை ஏற்றினார். அதே நூற்றாறு. டெர்லிஸ் வீலைச் சரியாகத்தான் அளந்தார், வண்டியைச் சரியாகத்தான் சோதித்தார். நாற்பத்திரண்டு கிலோவை நான்தான் ஒளித்தேன்.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தெருவில் யாரோ சண்டை போட்டதற்குச் சாட்சி சொல்லப் போகிறேன் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். இதை எனக்குப் படித்துக் காட்டும்போது கதவைத் திறந்து வைத்து, கொஞ்சம் சத்தமாகப் படிக்கும்படி கேட்டுக்கொண்டேன். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அப்படியே படித்தார்கள். கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் இல்லை, யார் மிரட்டியும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போடுகிறேன். நான் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நிற்பவர், என் மனைவி.

(ஒப்பம்) வில்ஃப்ரிதோ இன்ஸ்ஃப்ரான்